உருகிய உலோகமும் ஒரு துளி நீரும்

ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டி, நெளிந்த தாச்சி, பழைய சைக்கிள் பாகங்கள், மோட்டார் எஞ்சினின் பிஸ்டன் ஆகியவற்றை நிறுத்து வாங்கிப் போக வியாபாரி வாசலுக்கே வருகிறார். காணியை விட்டு வந்து கைத்தொழில் தேடும் குடும்பங்களில், "அவருக்குக் கொடுப்பதை நாமே உருக்கி வார்த்தால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நிலத்தில் ஒரு குழி, சிரட்டைக் கரி, காற்று ஊத ஒரு துருத்தி, ஓர் இரும்புச் சட்டி, கொஞ்சம் மணல் இருந்தால் அலுமினியம் உருகிவிடும். ஆனால் உருகிய பின் அது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாமல் உலையருகே நிற்கக்கூடாது. அதை அறிவதற்கே இந்தப் பாடம்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பார்ப்போம். தண்ணீரில் உப்பைப் போட்டால் அது காணாமற் போகிறது. அது கரைதல். அதே உப்பை நீரின்றி உருக்குவதற்கு 801 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஒவ்வொரு தூய பொருளுக்கும் இப்படி ஓர் உருகுநிலை உண்டு. வெள்ளீயம் 232 பாகையில் உருகும். ஈயம் 327, நாகம் 420, அலுமினியம் 660, செம்பு 1085, இரும்பு 1538. இரண்டு உலோகங்களைக் கலந்தால் கணக்கு மாறும். வானொலிப்பெட்டி திருத்துவோர் பாவித்துவந்த பற்றாசில் வெள்ளீயமும் ஈயமும் கலந்திருக்கும். அளவறிந்து கலந்த பற்றாசு 183 பாகையிலேயே உருகும். இரண்டில் எதுவும் தனியே அவ்வளவு குறைந்த சூட்டில் உருகாது.

உலையில் முதன்முதல் வேலை செய்பவர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. அலுமினியம் சூடேறி உருகத் தொடங்கியதும் சூடு அதே 660 பாகையில் நின்றுவிடும். ஊத ஊத ஏறாது. நெருப்புப் போதவில்லை என்று எண்ணி அவர் கரியை மேலும் மேலும் கொட்டுவார். உண்மையில் வெப்பம் வீணாகவில்லை. கட்டியை நீராக்குவதற்கே அது செலவாகிறது. பள்ளிப் பிள்ளைகள் இதை மறைவெப்பம் என்று படிக்கிறார்கள். அறைச்சூட்டிலிருந்து உருகுநிலை வரை ஏற்றுவதற்குச் செலவான வெப்பத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்ட அளவு இந்த ஒரு படிக்கே வேண்டும். கடைசித் துண்டும் உருகிய பின்னர் சூடு திடீரென ஏறும். அப்போது கரி நிறையக் கிடந்தால் உலோகம் அளவுக்கு மிஞ்சிக் காயும்.

இரும்பு உருகும்போது கண் கூசும். ஆகவே யாரும் கிட்டப் போகமாட்டார்கள். அலுமினியமோ உருகிய நிலையிலும் பகல் வெளிச்சத்தில் சிவந்து தெரியாது. வெள்ளிபோல அமைதியாகக் கிடக்கும். இறுகிவிட்டது என்று நினைத்துத் தொட்டால் சதை வெந்துபோகும். இந்த உலோகத்தில் கண்ணை நம்பக்கூடாது.

இனி நீரைப் பற்றிப் பார்ப்போம். ஒரு லீற்றர் நீர் கொதித்து ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 லீற்றர் இடத்தை அடைக்கும். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டோடி மறைவதைப் பார்த்திருக்கிறோம். ஆவி மேலே திறந்த வெளிக்குப் போவதால் கேடில்லை. அதே துளி உருகிய உலோகத்தின் அடியில் அகப்பட்டால் ஆவிக்குப் போக வழியில்லை. கண் இமைக்கும் நேரத்தில் அது பெருகி, மேலே கிடக்கும் உலோகத்தை அப்படியே தூக்கி எறியும். எறியப்படுவது 660 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் உள்ள அலுமினியம். போதாததற்கு, உருகிய அலுமினியம் நீரோடு தாக்கமுற்று, தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவையும் வெளிவிடும்.

நீர் எங்கிருந்து வருகிறது? யாரும் உலைக்குள் தண்ணீர் ஊற்றுவதில்லை. முன்னிரவு மழையில் நனைந்த துண்டு, கழுவிய ஈரம் காயாத அகப்பை, குழாயின் வளைவில் தேங்கிய சிறு ஊறல் ஆகியவையே காரணம். எனவே போடுகிற ஒவ்வொரு துண்டையும் முதலில் உலை விளிம்பில் வைத்துச் சூடாக்க வேண்டும். அகப்பையையும் அப்படியே. சீமெந்துத் தரையின் மேல் உலோகத்தை ஊற்றுவதும் ஆகாது. காய்ந்ததுபோல் தெரியும் சீமெந்துக்குள்ளும் நீர் இருக்கிறது, அது ஆவியாகித் தரை வெடித்துச் சிதறும். கீழே காய்ந்த மணலைப் பரப்பிவிட்டு வேலை செய்யுங்கள்.

மூடிய பாத்திரம் எதையும் அப்படியே போடாதீர்கள். சைக்கிள் பம்ப், வாயு அடைத்த தெளிப்பான் டப்பா, இரு முனையும் நசுங்கிய குழாய் எல்லாம் உள்ளே அடைபட்ட காற்றாலோ ஈரத்தாலோ வெடிக்கும். போர் நடந்த நிலத்தில் பொறுக்கிய பித்தளை, அலுமினியப் பொருள்களைக் கையாலும் தொடவேண்டாம், உலைக்கும் கொண்டுவர வேண்டாம். வெறும் கோது என்று பார்த்துச் சொல்ல நம்மால் முடியாது. கண்ட இடத்தில் விட்டுவிட்டுக் கண்ணிவெடி அகற்றுவோருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிப்பதே முறை.

அப்படியானால் வார்ப்பு அச்சுக்குப் பாவிக்கும் மணலில் ஈரம் இருக்கிறதே, அது ஏன் வெடிப்பதில்லை என்று ஒருவர் கேட்கலாம். மணிகளுக்கிடையே துளை இருப்பதால் ஆவி அவ்வழியே போய்விடுகிறது. ஈரம் கூடினால் துளை அடைபட்டு ஆவி உலோகத்துக்குள்ளேயே திரும்பும். ஒரு பிடி மணலை இறுகப் பொத்திப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், உடைத்தால் இரண்டாகச் சுத்தமாக உடைய வேண்டும், உள்ளங்கையில் நீர் ஒட்டக்கூடாது. பிறகு ஒரு சைக்கிள் கம்பியால் அச்சின் மேற்புறத்தில் சில துளைகள் குத்தினால் ஆவிக்கு வழி கிடைக்கும்.

உருகிய அலுமினியத்தின் மேல் ஒரு தோல் படரும். காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து உண்டாகும் ஒட்சைட்டு அது. கீழே உள்ளதைக் காக்கும் தோல் என்பதால் சும்மா கிளறக் கூடாது. ஊற்றுமுன் ஒருமுறை வழித்தெடுத்தால் போதும். அளவுக்கு மேல் காய்ச்சினாலும் நெடுநேரம் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்திலிருந்து ஐதரசன் உலோகத்துக்குள் கரையும். இறுகும்போது அது வெளியேற முயன்று ஊசித்துளைகளை விட்டுப்போகும். இன்னொன்று: நீர் பனிக்கட்டியாகும்போது பருக்கும், அலுமினியமோ இறுகும்போது நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கு சுருங்கும். தடித்த இடத்தில் குழி விழுவது அதனாலேயே. ஊற்றுவாயில் கூடுதலாக உலோகம் நிற்க விட்டால் அது இறங்கி இடத்தை நிரப்பும். இரும்புச் சட்டியையும் கவனியுங்கள். உருகிய அலுமினியம் இரும்பை மெல்ல மெல்லக் கரைத்துத் தின்னும். உட்புறம் களிமண் பூசிக் காயவைத்துப் பாவிப்பதும், அடி மெலிந்ததை எறிந்துவிடுவதும் நல்லது.

வியாபாரி ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்? மண்ணிலிருந்து அலுமினியம் எடுப்பது பெருஞ்செலவான வேலை. அதன் ஒட்சைட்டு 2072 பாகையில்தான் உருகும். 1886 இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் மார்ட்டின் ஹோல், பிரான்சில் போல் ஏரூ என்ற இருவர், ஒருவரையொருவர் அறியாமலே ஒரு வழி கண்டார்கள். கிரையோலைற்று என்ற உப்பை உருக்கி, ஒட்சைட்டை அதில் கரைத்து, மின்சாரம் செலுத்தினார்கள். சுமார் 960 பாகையிலேயே உலோகம் பிரிந்து அடியில் தேங்கியது. இன்றும் உலகம் இம்முறையையே பின்பற்றுகிறது. அதற்குப் போகும் சக்தியில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கிலேயே பழைய அலுமினியத்தை மீள உருக்கலாம். உங்கள் ஓட்டைச் சட்டிக்குள் யாரோ செலுத்திய மின்சாரம் அடங்கியிருக்கிறது. விலை பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஆனால் பழைய உலோகத்தில் கறிச்சட்டி வார்ப்பதை நான் ஊக்குவிக்கமாட்டேன். எஞ்சின் பாகங்களில் வேறு உலோகங்களும் கலந்திருக்கும். கமரூன் நாட்டில் இப்படி வார்த்த சமையற் பாத்திரங்களைச் சோதித்து 2014 இல் வெளியான ஆய்வு, அவற்றிலிருந்து ஈயம் உணவில் இறங்கக்கூடும் என்று காட்டியது. புளியும் தேசிக்காயும் சேரும் நமது கறிக்கு இது சிறிய விடயமன்று. கதவுப்பிடி, நிறைகல், இயந்திரப் பாகம் என்று வார்க்கலாமே.

ஈயத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அடுப்படி நெருப்பிலேயே உருகுவதால்தான் அது வீட்டுக்குள் வருகிறது. கரையோரத்தில் வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்களும், பழைய பற்றறியை உடைத்து ஈயம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஈயத் தூசி உடையிலும் முற்றத்து மண்ணிலும் தங்கி, தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும். செனகல் நாட்டின் டக்கார் நகருக்கருகே தியாரோய் என்ற இடத்தில், பற்றறி ஈயம் எடுத்துவந்த பகுதியில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே 18 குழந்தைகள் இறந்தனர். பற்றறியை உடைக்காமல் முழுதாகவே விற்றுவிடுங்கள். ஈயக்குண்டு வார்ப்பதாயின் வீட்டுக்கு அப்பால், திறந்த வெளியில், பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் இல்லாத இடத்தில், சமையலுக்கு ஒருபோதும் திரும்பாத சட்டியில் வாருங்கள்.

பித்தளை உருக்குவோருக்கு வேறொரு தொல்லை. அதிலுள்ள நாகம் 907 பாகையில் கொதித்து வெண்புகையாகும். அதைச் சுவாசித்தவருக்கு அன்று மாலை நடுக்கமும் காய்ச்சலும் வரும். ஓரிரு நாளில் விட்டுவிடும். மலேரியா பரவியிருந்த காலத்தில் இதையும் மலேரியா என்றே எண்ண இடமிருந்தது. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. நாகம் பூசிய தகரத்தைச் சுட்ட பின் குளிர்காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் செய்த வேலையையும் சொல்லுங்கள்.

உலையருகே பருத்தி உடையும், மூடிய தோற் சப்பாத்தும் அணிய வேண்டும். நைலோன் உடை தானே உருகித் தோலில் ஒட்டும். தீ மூண்டால் காய்ந்த மணலைக் கொட்டுங்கள், தண்ணீர் வேண்டாம். ஒரு பீப்பா நல்ல தண்ணீர் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இருக்கட்டும். அது உடம்புக்கு மட்டும். சூடு பட்டால் அந்த இடத்தில் 20 நிமிடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெயும் பற்பசையும் பூசக்கூடாது, தோலில் ஒட்டிய உலோகத்தைப் பிய்க்கவும் கூடாது. சுத்தமான துணியால் மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.