சட்டமன்றத்தில் அதிகாரிகளின் ஆசனங்கள்: மைசூர் வரலாறு தரும் பாடம்

அரசுப் பணியில் இருப்பவர் சட்டமன்றத்தில் அமர்ந்து வாக்களிக்கலாமா? இன்றைய மாணவருக்கு இவ்வினா விந்தையாகத் தோன்றலாம். ஆனால், நமது நாட்டில் ஏறத்தாழ எண்பது ஆண்டுக் காலம் அதிகாரிகளுக்கெனச் சட்டமன்றங்களில் ஆசனங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அம்முறை தோன்றிய விதத்தையும் மறைந்த காரணத்தையும் அறிவதற்கு மைசூர் சமஸ்தானத்தின் வரலாறு பெரிதும் துணைபுரிகிறது.

பிரதிநிதி சபையின் தோற்றம்

1881-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆங்கிலேயர் மைசூர் ஆட்சியைப் பத்தாம் சாமராஜேந்திர உடையாரிடம் மீண்டும் ஒப்படைத்தனர். அப்போது திவானாக இருந்த ரங்காச்சார்லு, அவ்வாண்டிலேயே பிரதிநிதி சபை ஒன்றை நிறுவச் செய்தார். அதன் முதற் கூட்டம் 1881 அக்டோபர் 7 அன்று, தசரா விழாவையொட்டி மைசூர் நகரில் நடைபெற்றது. நிலவுடைமையாளரும் வணிகருமாக 144 பேர் அதில் கலந்துகொண்டனர். திவான் ஆட்சி அறிக்கையைப் படித்தார். உறுப்பினர்கள் குறைகளை எடுத்துரைத்தனர். ஆயினும், சட்டம் இயற்றும் அதிகாரம் சபைக்கு இல்லை. குறை சொல்வோர் ஒரு புறமும் தீர்மானிப்போர் மறுபுறமும் இருந்த அமைப்பு அது.

அதிகாரிகள் உறுப்பினராதல்

1907-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில் சட்டமன்றக் கவுன்சில் ஏற்படுத்தப்பட்டது. திவானே அதன் தலைவர். நியமிக்கப்படும் கூடுதல் உறுப்பினர்களில் ஐந்தில் இரண்டு பங்கினரேனும் அதிகாரிகள் அல்லாதாராய் இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. எஞ்சிய இடங்களில் அதிகாரிகள் அமர இவ்விதி இடமளித்தது.

1923-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இவ்வமைப்பை விரிவுபடுத்தியது. கவுன்சிலின் 50 இடங்களில் 22 தேர்தல் வாயிலாகவும், 28 நியமனத்தாலும் நிரப்பப்பட்டன. நியமன இடங்களில் 20 அதிகாரிகளுக்கும் 8 ஏனையோருக்கும் உரியவை. இக்கணக்கை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அதிகாரிகள் அல்லாதார் 30 பேர். எனவே பெரும்பான்மை மக்கள் பக்கம் இருப்பதாகத் தோன்றும். ஆனால், நியமனம் பெற்ற 28 பேரும் ஒருங்கே நின்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட 22 பேராலும் அரசை வெல்ல இயலாது.

இம்முறைக்குக் காரணங்கள் கூறப்பட்டன. நீர்ப்பாசனம், வருவாய், வனம் முதலிய துறைகளின் நுணுக்கங்களை அறிந்தவர்கள் அதிகாரிகளே. அவர்கள் அவையில் இருந்தால் விவாதம் தெளிவு பெறும் என்பது ஒன்று. அரசின் மசோதாக்கள் தோல்வியுறாமல் காப்பது மற்றொன்று. முதற் காரணம் அறிவைச் சார்ந்தது; இரண்டாவது அதிகாரத்தைச் சார்ந்தது.

மத்திய சட்டசபையில்

பிரிட்டிஷ் இந்தியாவிலும் இதே நிலைதான். 1909-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணக் கவுன்சில்களில் அதிகாரிகளின் பெரும்பான்மையைக் கைவிட்டது. மத்தியில் மட்டும் அதை நிலைநிறுத்தியது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்திய சட்டசபையின் 145 உறுப்பினர்களில் 26 பேர் அதிகாரிகள். அவர்கள் அரசின் பக்கமே வாக்களிக்கக் கடமைப்பட்டிருந்தனர். 1928-இல் பொதுப் பாதுகாப்பு மசோதாவின் மீது வாக்குகள் இரு புறமும் சமமாகப் பிரிந்தபோது, அவைத் தலைவர் விட்டல்பாய் படேல் தமது வாக்கை மசோதாவுக்கு எதிராக அளித்தார். அதிகாரிகள் தம் மனச்சான்றின்படி வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தால் முடிவு எவ்வாறு இருந்திருக்கும் என்பது சிந்தனைக்குரியது. மேலதிகாரியின் ஆணைப்படி உயரும் கையை மக்களின் கருத்தாகக் கொள்ள முடியாது. இம்முறையின் அடிப்படைக் குறை இதுவே.

முறை மறைந்த விதம்

1937-இல் மாகாண சுயாட்சி நடைமுறைக்கு வந்தபோது, மாகாணச் சட்டசபைகளில் நியமன அதிகாரிகளுக்கு இடமில்லாமற் போயிற்று. மைசூரில் 1940-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சிலின் உறுப்பினர் எண்ணிக்கையை 68 ஆக உயர்த்தி, தேர்தல் இடங்களைப் பெரும்பான்மையாக்கியது. 1949-இல் மைசூரின் பழைய இரு அவைகளும் கலைக்கப்பட்டன.

1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பு நேர் எதிரான நெறியை மேற்கொண்டது. அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்போர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என 102-ஆம் பிரிவும், மாநிலச் சட்டமன்றங்களைப் பொறுத்து 191-ஆம் பிரிவும் கூறுகின்றன. அமைச்சர் பதவி இத்தடைக்கு உட்படாது. வேறு சில பதவிகளுக்குச் சட்டத்தின் வாயிலாக விலக்கு அளிக்கலாம். அரசு ஊழியர் வாக்களிக்கலாம். ஆனால், பணியில் இருந்துகொண்டே தேர்தலில் நிற்கலாகாது.

ஆசிரியர் தொகுதிகள்

பழைய முறையின் சாயல் இன்றும் ஓரிடத்தில் உள்ளதோ என்று சிலர் ஐயுறலாம். கர்நாடகச் சட்ட மேலவையின் 75 இடங்களில் 7 இடங்களுக்கு ஆசிரியர்கள் வாக்களிக்கின்றனர். மைசூரு, மாண்டியா, சாமராஜநகர், ஹாசன் மாவட்டங்கள் தென் ஆசிரியர் தொகுதியைச் சேர்ந்தவை. அரசுப் பள்ளி ஆசிரியர்களும் இத்தேர்தலில் வாக்காளர்களே. ஆனால் இங்கு வேறுபாடு தெளிவானது: ஆசிரியர் தமது விருப்பப்படி இரகசியமாக வாக்களிக்கிறார், அரசு எவரையும் அவ்விடத்தில் நியமிப்பதில்லை.

பிற நாடுகளிலும் இவ்வினா எழுந்துள்ளது. இந்தோனேசியா, படையினருக்கு ஒதுக்கிய நாடாளுமன்ற இடங்களை 2004-இல் கைவிட்டது. மியான்மரின் 2008-ஆம் ஆண்டு அரசியலமைப்போ நாடாளுமன்ற இடங்களில் நான்கில் ஒரு பங்கைப் படையினருக்கு அளித்தது.

முடிவுரை

அதிகாரிகளின் அறிவு சட்டமன்றத்திற்குத் தேவை என்ற கருத்து இன்றும் மெய்யே. அத்தேவையை நிறைவேற்றும் வழிதான் மாறியுள்ளது. இன்று அதிகாரி அமைச்சருக்கு விவரம் தருகிறார், பொதுக் கணக்குக் குழுவின் முன் சாட்சியம் அளிக்கிறார், ஆனால் வாக்களிப்பதில்லை. அன்று வினாவுக்கு விடையளிக்க வேண்டியவரே வாக்களித்து விவாதத்தை முடித்துவைத்தார். இன்று அவர் விடை மட்டுமே அளிக்கிறார். முடிவு செய்வோர் மக்களின் பிரதிநிதிகள். 1881-இல் மைசூரில் குறைகளை எடுத்துரைத்த 144 பேருக்குக் கிட்டாத உரிமை இதுவே. அரசுப் பணியில் சேர விரும்பும் ஒவ்வொரு மாணவரும் இவ்வேறுபாட்டை உணர்ந்திருத்தல் நலம்.