திருக்காவலூரில் ஓர் இரவு

தமிழில் 'கோயில்' என்பது பொருள் நிறைந்த ஒரு சொல். 'கோ' என்பது தலைவனையும், 'இல்' என்பது வீட்டையும் குறிக்கும். தலைவன் உறையும் இல்லமே கோயில். அரசன் வாழ்ந்த மாளிகைக்கும் இறைவன் எழுந்தருளிய இடத்துக்கும் இச்சொல் பண்டைக்காலத்தில் பொதுவாக வழங்கிற்று. வைணவர் வேறு அடைமொழியின்றிக் 'கோயில்' என்று கூறின் அது திருவரங்கத்தைச் சுட்டும். சைவர் அங்ஙனம் கூறின் அது தில்லையைச் சுட்டும். நம் நாட்டுக் கிறித்தவ மக்களும் தம் தொழுகையிடத்தை 'மாதா கோயில்' என்றே அன்புடன் அழைக்கின்றனர். சமயம் வேறாயினும் சொல் ஒன்றே.

இல்லம் என்று பெயர் பெற்ற பின், இல்லத்துக்குரிய கடமை ஒன்றும் அதனைச் சேர்கின்றது. பொழுது சாய்ந்த பின் வந்து வாயிலில் நிற்கும் வழிப்போக்கனுக்கு இடந்தருதல் இல்லத்தின் கடமையன்றோ? அங்ஙனம் இடம் பெற்றவன் எவ்வாறு ஒழுகுதல் வேண்டும்? மாணவர் சிலருடன் ஒரு பழைய ஆலயத்தில் யான் தங்கிய ஓரிரவின் வாயிலாக இதனைக் காண்போம்.

அவ்வாலயம் ஏலாக்குறிச்சியில் உள்ளது. திருவரங்கத்துக்கு வடக்கே ஓடும் கொள்ளிடத்தைக் கடந்து, அதன் வடகரைப் பக்கமாகக் கீழ்த்திசை நோக்கிச் சென்றால் திருமழபாடி, திருமானூர் முதலிய ஊர்கள் வரும். அவற்றுக்கும் அப்பால், அரியலூர் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் அது. நெல்வயலும் கரும்புத் தோட்டமும் சூழ்ந்த அவ்வூருக்குத் 'திருக்காவலூர்' என்னும் அழகிய தமிழ்ப்பெயரும் உண்டு. அப்பெயரை இலக்கியத்தில் நிலைபெறச் செய்தவர் வீரமாமுனிவர்.

வீரமாமுனிவரின் இயற்பெயர் கான்சுடன்சோ பெசுகி என்பது. அவர் இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டில் பிறந்தார். இயேசு சபைத் துறவியாகி, 1710-இல் இந்தியாவுக்கு வந்தார். தமிழ்நாட்டை அடைந்தபின் தமிழ்த் துறவியர் போன்றே உடையுடுத்தினார். தமிழ் நூல்களை ஆசிரியரிடம் முறையாகப் பாடங்கேட்டார். பல்லாண்டுகள் ஏலாக்குறிச்சியைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, அங்கே அடைக்கல மாதாவுக்கு ஓர் ஆலயம் எடுப்பித்தார். அந்த அன்னையின் மீது திருக்காவலூர்க் கலம்பகம் என்னும் நூலையும் இயற்றினார். அடைக்கலம் என்பது புகலிடம். தன்னை நாடி வந்தவரைக் காப்பவள் என்பதே அப்பெயரின் பொருள். ஆலயம் பிற்காலத்தில் புதுக்கப்பெற்றிருப்பினும், பெயரும் அது உணர்த்தும் கடமையும் மாறவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் திருவரங்கத்திலிருந்து மாணவர் பன்னிருவருடன் யான் அங்குச் சென்றேன். வீரமாமுனிவர் வாழ்ந்த ஊரைக் காண வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். மறுநாள் காலையில் திரும்புவதாக ஏற்பாடு. பங்குத்தந்தையாரிடம் முன்னரே இசைவு பெற்றிருந்தோம். ஆலயத்தின் உள்ளே, தலைவாயிலை அடுத்த பகுதியில் பாய் விரித்துக்கொள்ள அவர் அன்புடன் இடந்தந்தார்.

மாணவருள் ஒருவன் மெல்ல என்னை அணுகி, "ஐயா, நாம் வேறு சமயத்தினர். இங்கு நாம் உறங்குவது தகுமா? அவர்கள் உளம் வருந்தாதா?" என்று வினவினான். விளக்குக்கு எண்ணெய் வார்த்துக்கொண்டிருந்த முதியவரான கோயிற்பிள்ளை அதனைக் கேட்டுவிட்டார். "தம்பி, இவ்வன்னைக்கு அடைக்கல மாதா என்று பெயர். அடைக்கலம் என்று வந்தவரிடம் நாங்கள் சமயம் கேட்பதில்லை. செருப்பை வெளியே விட்டாயா என்பதை மட்டும் கேட்போம்" என்று கூறி நகைத்தார். மாணவனும் நகைத்தான், அவன் ஐயம் அகன்றது.

இரவு உணவு முடிந்த சிறிது நேரத்தில் மின்விளக்குகள் அணைந்தன. பீடத்தருகே ஓர் எண்ணெய் விளக்கு மட்டும் எரிந்தது. பகலில் நாம் காணும் ஆலயம் வேறு. இரவில் காணும் ஆலயம் வேறு. பகலில் கண் சுவரையும் ஓவியத்தையும் காண்கின்றது. இரவில் கண்ணுக்கு வேலை குறையச் செவிக்கு வேலை மிகுகின்றது. மேலே வௌவால் சிறகடிக்கும் ஓசை, எங்கோ ஒரு சாளரக் கதவு காற்றில் அசையும் ஓசை, ஒருவன் இருமினால் அது கூரையில் மோதித் திரும்பிவரும் ஓசை ஆகிய இவை எல்லாம் தனித்தனியே கேட்டன. மாணவர் தாமாகவே தாழ்ந்த குரலில் பேசலாயினர். பேசாதீர் என்று யாரும் அவர்களுக்குக் கட்டளையிடவில்லை.

சுவரோரம் படுத்த சிறுவன் ஒருவன், "ஐயா, வெளியே குளிர்கின்றது, இச்சுவரோ வெதுவெதுப்பாக உள்ளதே!" என்று வியந்தான். அதன் காரணத்தை அவர்களுக்கு விளக்கினேன். தடித்த செங்கற்சுவர் பகலெல்லாம் வெயிலின் வெம்மையைச் சிறிது சிறிதாக உள்வாங்குகின்றது. அவ்வெம்மை உட்புறம் வந்து சேர்வதற்குப் பல நாழிகை ஆகும். ஆதலின் நண்பகலில் உள்ளே தண்மையும், நள்ளிரவில் வெம்மையும் உண்டாகின்றன. பழைய கட்டடங்களில் செங்கல்லை இணைப்பது சுண்ணாம்புச் சாந்து. அதில் கடுக்காய் நீரும் வெல்லமும் கலந்து அரைப்பது நம் கொத்தர் மரபு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைச் சிறைப்படுத்தாமல் வெளியேறவிடும். அதன்மேல் சிமிட்டியைப் பூசின் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல்லை அரிக்கும். திருவரங்கத் திருக்கோயிலைப் பழைய முறை வழுவாமல் புதுக்கியதற்காக, 2017-ஆம் ஆண்டில் யுனெசுகோ நிறுவனம் ஆசிய பசிபிக் பகுதிக்குரிய பரிசொன்றை அளித்ததை மாணவர் முன்னரே அறிந்திருந்தனர். கொத்தரின் அறிவுக்கும் சமய வேறுபாடு இல்லை என்பதை அச்சுவரைத் தொட்டு அறிந்துகொண்டனர்.

பின்னர்ப் பேச்சு வீரமாமுனிவரின் தமிழ்த்தொண்டைப் பற்றிச் சென்றது. அவருடைய தேம்பாவணி 3,615 பாடல்களைக் கொண்ட பெருங்காப்பியம். 1732-இல் அவர் தொகுத்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளை உடையது. அதற்கு முன்னர்ச் சொற்பொருள் அறிய விரும்பியோர் நிகண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கிக் காட்டிய அகராதி முறை கற்போரின் சுமையைக் குறைத்தது. எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் தெளிவாக வேறுபடுத்தும் வரிவடிவத்தை வழக்கில் கொணர்ந்தவரும் அவரே என்பர். "அப்படியாயின் இவ்வூர்ப் பெயரின் முதலெழுத்தாகிய ஏகாரமும் அவர் திருத்திய எழுத்துத்தானே!" என்றான் ஒரு மாணவன். அவன் கூறியது நயமாக இருந்தது. தமிழ் என்னும் இல்லத்தில் அடைக்கலம் பெற்ற விருந்தினர் ஒருவர், அவ்வில்லத்தின் விளக்கைத் தூண்டி ஒளி மிகுவித்துச் சென்றார் என்றேன்.

திருச்சிராப்பள்ளியில் ஆட்சி செலுத்திய சந்தா சாகிபு வீரமாமுனிவரிடம் பெருமதிப்புக் கொண்டு 'இசுமத்தி சந்நியாசி' என்னும் பட்டம் அளித்தார் என்று அவர் வரலாறு கூறுவோர் உரைப்பர். சந்தா சாகிபின் பெயரைக் கேட்டதும் மாணவர் நிமிர்ந்து அமர்ந்தனர். அப்பெயருக்கும் அவர்களுடைய ஊருக்கும் தொடர்பு உண்டன்றோ?

1752-ஆம் ஆண்டில் சந்தா சாகிபின் படையும், அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையும் பகைவரால் நெருக்குண்டு காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவினுள் புகுந்தன. திருவரங்கம், திருவானைக்கா ஆகிய இரு கோயில்களின் மதில்களையே அரணாக்கிக்கொண்டு அப்படைகள் தங்கின. தொழுவோர் நடந்த பெருவாயில்களில் பீரங்கியும் துப்பாக்கியும் நுழைந்தன. உணவு குன்றியது, படைவீரர் பலர் பிரிந்து சென்றனர். அவ்வாண்டு சூன் மாதத்தில் பிரெஞ்சுப் படை பணிந்தது. சந்தா சாகிபு கொல்லப்பட்டார். அப்பொழுது நிகழ்ந்த ஒன்றை இராபர்ட் ஓர்ம் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். திருவரங்கக் கோயிலினுள் இருந்த ஆயிரம் இராசபுத்திர வீரர், வென்றவர் எவரும் மூன்றாம் மதிலைக் கடந்து உள்ளே வரலாகாது என்று தடுத்து நின்றனர். வரின் வெட்டி வீழ்த்துவோம் என்றனர். ஆங்கிலேயரும் அவர்தம் உறுதியை வியந்து, அங்ஙனம் நுழையோம் என்று வாக்களித்தனர்.

"மாணவர்களே, அவர்களும் கோயிலினுள் இரவைக் கழித்தவர்கள், நாமும் கழிக்கின்றோம். வேறுபாடு யாது?" என்று வினவினேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் ஒருவன், "படைகள் தம்மைக் காத்துக்கொள்ளக் கோயிலைப் பயன்படுத்தின. அந்த ஆயிரவரோ கோயிலைக் காக்கத் தம்மை அளித்தனர்" என்றான். அதனினும் சிறந்த விடையை யான் கூறியிருத்தல் இயலாது.

நள்ளிரவை அணுகும் வேளையில் வாயிற்கதவு தட்டப்பட்டது. கோயிற்பிள்ளை எழுந்து திறந்தார். உழவர் குடும்பம் ஒன்று வெளியே நின்றது. கணவன், மனைவி, ஒரு மூதாட்டி, தோளில் உறங்கும் குழந்தை என நால்வர். நோய் தீர்ந்த குழந்தைக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்கள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு நெடுந்தூரம் நடந்து வந்திருந்தனர். வெதுவெதுப்பான சுவரோரம் முழுவதும் எங்கள் மாணவர் படுத்திருந்தனர். எஞ்சிய இடம் வாயிற்காற்று வீசும் இடம். எழுமாறு யான் கூறலாமா என்று எண்ணினேன். பின்னர் அவர்களே செய்வது யாது எனக் காண விரும்பிப் பேசாதிருந்தேன்.

முதலில் ஒருவன் பாயைச் சுருட்டினான். அவனைக் கண்டு மற்றும் இருவர் எழுந்தனர். ஒருவன் மட்டும், "நாம் முன்னரே வந்தவர்கள் அல்லவா?" என்று முணுமுணுத்தான். ஆயினும் குழந்தை குளிரால் சிணுங்கியதைக் கேட்டதும், தன் கம்பளத்தைக் கொணர்ந்து மூதாட்டியின் கையில் கொடுத்தவன் அவனே. "நன்றாக இருப்பாய், ராசா" என்று அம்மூதாட்டி அவன் தலையைத் தொட்டு வாழ்த்தினாள். மாலையில் அடைக்கலம் பெற்றவர்கள் நள்ளிரவில் அடைக்கலம் தருபவராயினர். அவர்கள் யாவரும் விடியுமளவும் நெருங்கிப் படுத்து, ஒருவர் போர்வையை இருவர் பகிர்ந்துகொண்டு உறங்கினர்.

வைகறையில் மணி ஒலித்தது. ஊர்ப்பெண்கள் துடைப்பமும் நீர்க்குடமும் கொண்டு வந்தனர். மாணவரும் அவர்களுடன் சேர்ந்து தளத்தைக் கூட்டினர். சுவர் விரிசலில் முளைத்திருந்த சிறிய அரசங்கன்றை ஒருவன் கண்டு கோயிற்பிள்ளையிடம் காட்ட, அவர் அதனை வேரோடு களைந்தார். இன்று விரலளவாய் இருக்கும் அவ்வேர், கவனிப்பாரற்று விடப்படின் சில ஆண்டுகளில் சுவரையே பிளந்துவிடும். ஆளற்ற கட்டடம் விரைவில் அழிவதற்குக் காரணம் இதுவே. இடியும் மழையும் செய்யும் கேட்டினும், காண்பார் இன்மை செய்யும் கேடு பெரிது.

மேலைநாட்டாரும் இதனை உணர்ந்துள்ளனர். இங்கிலாந்தில் சிற்றூர் மக்கள் பலர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தமையாலும், வழிபட வருவோர் குறைந்தமையாலும், பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்த ஆலயங்கள் பூட்டிக் கிடக்கும் நிலை உண்டாயிற்று. அத்தகைய ஆலயங்களைப் பேணுதற்கென்று 1969-இல் தோன்றிய அறக்கட்டளை ஒன்று முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆலயங்களைத் தன் காப்பில் ஏற்றது. 2014-ஆம் ஆண்டளவில் அது புதியதொரு வழியைக் கண்டது. வழிச்செல்வோர் ஒரு தொகை செலுத்திப் பழைய ஆலயத்தினுள் ஓரிரவு தங்க முடிந்தது. அத்தொகை ஆலயத்தின் பராமரிப்புக்குச் சேர்ந்தது என்பதே அவ்வழி. தங்கியோருக்குக் கட்டில் இருந்தது; ஆயினும் பழங்கட்டடத்தின் குளிர் அவர்களுக்கு விதிவிலக்கு அளிக்கவில்லை. நாம் நேர்த்திக்கடனாலும் திருவிழாவாலும் காத்துவரும் வழக்கத்தை, அவர்கள் ஓர் ஏற்பாட்டினால் மீட்டனர் எனலாம்.

மாணவர்காள்! நும் ஊரிலும் பழைய கோயிலோ, மாதா கோயிலோ, பள்ளிவாசலோ, சத்திரமோ இருக்கும். அங்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டின் உரியவர் இசைவு பெற்றுச் செல்லுங்கள். சுவரில் பெயர் எழுதாதீர்கள். எழுதுவோர் இருப்பின் தடுங்கள். உணவின் எச்சத்தை விட்டு வாராதீர்கள். நும்மினும் களைத்தவர் வரின் நல்லிடத்தை அவருக்கு அளியுங்கள். புறப்படும்பொழுது, வந்தபோது இருந்ததினும் அவ்விடம் சிறிதேனும் தூய்மை மிக்கதாய் இருக்கச் செய்யுங்கள். கட்டியவர் பெயரைக் கல்வெட்டுக் கூறும். காத்தவர் பெயரை எந்தக் கல்லும் கூறாது. ஆயினும் கட்டியவர் ஒருமுறை செய்ததை, காப்பவர் நாள்தோறும் செய்கின்றனர். அவருள் ஒருவராதல் நும் ஒவ்வொருவர்க்கும் இயல்வதே.