நிறப்பொருள் மையும் அதன் தூய்மையும்

ஏட்டுச் சுவடியில் எழுத்தாணியாற் கீறிய எழுத்துக்களின்மேல் விளக்குக்கரியைத் தடவி, அவற்றைத் துலங்கச் செய்தனர் நம் முன்னோர். அவ்வெழுத்துக்கள் நெடுங்காலங் கழிந்தும் கருமை குன்றாதிருத்தலை நாம் காண்கின்றோம். கரி நீரிற் கரையாது, வெயிலில் வெளிறாது. இக்காலத்தில் இங்ஜெட் என வழங்கும் மைத்தாரை அச்சுப்பொறிக்குரிய நிறப்பொருட் கறுப்பு மையில் நிறந் தருவதும் அவ்வினத்ததாகிய கரித்தூளே. சாய மையோ நீரிற் கரைந்த பொருளாதலின், ஈரம் பட்டால் ஊறிப் பரவும். ஒளி பட்டால் நாளடைவில் மங்கும். ஆதலின், நெடுங்காலம் நிற்கவேண்டிய சான்றிதழ், பதிவேடு முதலியவற்றை நிறப்பொருள் மையால் அச்சிடுதலே தக்கதாம்.

ஆயினும், கரையாமை என்னும் அக்குணமே அம்மைக்கு நலமும் தீங்குமாகின்றது. கரையாத துணிக்கைகள் ஒன்றுகூடுமாயின், அச்சுப்பொறியின் நுண்ணிய துளைகள் அடைபடும்.

சில ஆண்டுகளுக்கு முன், எமக்கு அறிமுகமான அச்சகமொன்றில் நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். பரிசளிப்பு விழாவுக்கு முதனாள் மாலை சான்றிதழ்கள் அச்சாகிக்கொண்டிருந்தன. மை குறையக்கண்ட பணியாளர் ஒருவர், கிணற்று நீரை நன்றாக வடிகட்டி மையோடு கலந்தார். அந்நீர் பளிங்குபோலத் தெளிந்திருந்தது. சில மணி நேரத்தில் எழுத்துக்களின் ஊடே வெண்கோடுகள் தோன்றின. விடியுமுன் அச்சுத்தலை முற்றாக அடைபட்டது. மறுநாள் மாணவர் பலர் மேடையில் வெறும் உறையையே பெற்றுச் சென்றனர். வடிகட்டிய தெளிநீர் மையைக் கெடுத்தது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காணின், மையினைத் தூய்மைசெய்யும் முறையும் தானே விளங்கும்.

துளையும் துணிக்கையும்

மைத்தாரைப் பொறியின் துளை ஏறக்குறைய 20 மைக்கிரோன் விட்டமுடையது. ஒரு மைக்கிரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்காகும். மையிலுள்ள கரித் துணிக்கையோ ஏறத்தாழ 0.1 மைக்கிரோன் அளவினது. எனவே 200 துணிக்கைகள் ஒரு வரிசையில் நின்றாலே அத்துளையின் அகலம் நிரம்பும். துளையினின்றும் பாயும் துளியும் மிகச் சிறியதே. நாம் கண்ணுக்கு மருந்து விடும் துளியொன்று 0.05 மில்லிலீற்றர் எனக் கொண்டால், அதனை 5 பிக்கோலீற்றர்த் துளிகளாகப் பகுக்குமிடத்து ஒரு கோடித் துளிகள் கிடைக்கும்.

தனித்த துணிக்கை துளையை அடைப்பதில்லை, திரண்டவையே அடைக்கும். முற்றாக அடைக்கவும் வேண்டியதில்லை. விளிம்பில் ஒரு சிறு திரள் ஒட்டினாலே துளி நெறி பிறழும். தாளில் வெண்கோடு தோன்றும்.

துணிக்கைகள் திரளாதிருத்தற்குக் காரணம் யாது? அவற்றின் மேற்பரப்பிலும், அதனைப் போர்த்திருக்கும் தாங்குபொருளிலும் பெரும்பாலும் மறையேற்றம் உண்டு. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுமாதலின் அவை விலகி நிற்கின்றன. நீரில் உப்புக் கரைந்திருப்பின், அதன் நேரேற்ற அயன்கள் துணிக்கைகளைச் சூழ்ந்து அத்தள்ளுவிசையைத் தணித்துவிடும். அயனின் ஏற்றம் கூடுந்தோறும் அதன் திரளச்செய்யும் ஆற்றல் பன்மடங்கு பெருகும் என்பதை 1882 இல் சூல்சு என்பாரும், 1900 இல் ஹார்டி என்பாரும் எடுத்துக்காட்டினர். பிற்காலக் கொள்கையின்படி இரட்டையேற்ற அயனின் ஆற்றல் ஒற்றையேற்ற அயனினும் 64 மடங்கு வரை செல்லக்கூடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லில் அகழப்பட்டவை. அவற்றின் நீரிற் கல்சியம் மிகுதி என்பதற்குக் கேத்திலின் உட்புறத்தே படியும் வெண்படையே சான்று. அச்சகத்துப் பணியாளர் வடிகட்டி நீக்கியது தூசினை. நீக்காது விட்டது இரட்டையேற்றக் கல்சியத்தை. கரைந்த பொருளைத் துணியும் தாளும் தடுத்து நிறுத்தா.

தூய்மைசெய்யும் படிகள்

மை செய்வோர் கரித்தூளை நீரோடும் தாங்குபொருளோடும் கலந்து, சிறு மணிகள் நிறைந்த ஆலையில் அரைப்பர். அரைபடாத பருந்துணிக்கைகளை மையநீக்கியில் வேகமாகச் சுழற்றிப் படியச்செய்து நீக்குதல் முதற்படியாகும்.

இரண்டாம் படி, கரைந்த உப்புக்களையும் துணிக்கையைப் பற்றாது மிஞ்சிய தாங்குபொருளையும் நீக்குதல். உப்புக்கள் நீரிலிருந்து மட்டுமன்றிக் கரித்தூளிலிருந்தும் வருவன. கரித்தூளை ஆக்குங்கால் அதன் வெப்பத்தைத் தணிக்கத் தெளிக்கும் நீரின் உப்பும் அதிலே தங்கிவிடும். கூழ்த் துணிக்கைகளைத் தடுத்து உப்பினை மாத்திரம் செல்லவிடும் மென்சவ்வின் இயல்பை 1861 இல் தோமசு கிரகாம் விளக்கினார். இன்று மையினை அத்தகைய சவ்வின் மேற்பரப்பை ஒட்டி அழுத்தத்தோடு ஓடச்செய்வர். உப்புநீர் சவ்வினூடே வெளியேறும். வெளியேறிய அளவுக்குத் தூயநீர் சேர்க்கப்படும். மையின் கனவளவுக்குச் சமமான நீர் ஒருமுறை சென்றால், தடையின்றிச் செல்லும் உப்பில் 37 சதவீதம் எஞ்சும். மும்மடங்கு சென்றால் 5 சதவீதம். ஐம்மடங்கு சென்றால் 1 சதவீதத்துக்கும் குறைவே எஞ்சும். வெளியேறும் நீரின் மின்கடத்துதிறனை அளந்து இம்முன்னேற்றத்தை அறியலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. அளவுக்கு மிஞ்சிக் கழுவினால், துணிக்கையைப் போர்த்திருக்கும் தாங்குபொருளும் கழன்றுவிடும். அப்பொழுது தூய்மையே திரட்சிக்குக் காரணமாகும்.

மூன்றாம் படி, துணிக்கைகளை இறுகப் பற்றிய கல்சியம், மகனீசியம் முதலியவற்றை அயன்மாற்றுப் பிசினால் நீக்கி, அவற்றிற்குப் பதிலாக ஒற்றையேற்ற அயன்களை இடுதல்.

இறுதியாக, உலர்வைத் தடுக்கும் கிளிசரின் முதலியவற்றைச் சேர்த்து, பெருங்கண் வடியில் தொடங்கி ஏறத்தாழ 1 மைக்கிரோன் கண்ணுடைய வடிவரை படிப்படியாக வடிப்பர். கரைந்த காற்றையும் வெற்றிடத்தால் அகற்றுவர். அழுத்தத்தால் துளியை உந்தும் பொறியிற் காற்றுக்குமிழி அவ்வழுத்தத்தை விழுங்கிவிடும். பின்னர் மையினை 60 பாகை செல்சியஸ் வெப்பநிலையிற் சில வாரம் வைத்து, துணிக்கையின் அளவு பெருகாதிருத்தலைக் கண்ட பின்பே அதனை நம்பத்தக்கதெனக் கொள்வர்.

மாணவர் செய்து பார்க்க

களிமண் கலங்கல் நீரை மூன்று கண்ணாடிக் குவளைகளில் எடுத்து, ஒன்றிற் சிறிது கறியுப்பும், மற்றொன்றில் அதேயளவு படிகாரமும் இடுக. மூன்றாவதை வாளா வைத்திடுக. படிகாரம் இட்ட நீர் முன்னதாகத் தெளிதலைக் காண்பீர். மும்மையேற்ற அலுமினியம் களிமண்ணைத் திரளச்செய்து படியவிடுகின்றது. குடிநீரை நமக்கு அளிக்கும் அவ்வினையே மைக்கூட்டினுள் நிகழின் அழிவாகும்.

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நீக்குதல் எளிது. தெரியாததை அளந்தறிந்து நீக்குதலே இரசாயனவியல் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கமாகும். இனி அச்சுப்பொறிக்கு மை வார்க்கும் நம் இளைஞர், கிணற்று நீரை நாடாது, அப்பொறிக்கென ஆக்கிய மையினையே இடுவாராக. அங்ஙனமாயின், அடுத்த பரிசளிப்பு விழாவில் எந்த மாணவனும் வெறும் உறையோடு வீடு செல்லான்.