மனுவின் கடைசி நாலு வரி

அன்புள்ள மருமகளுக்கு,

நீ எழுதிய மனுவை இரண்டு தடவை படித்தேன். ஷூ கம்பெனி கட்டிங்கில் மிஞ்சும் தோல் துண்டுகளை ராத்திரியில் ஏரிக்கரையில் கொட்டி எரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கோபம் நியாயம்தான். ஆனால் நாலு பக்கமும் கோபமாகவே போய், என்ன செய்யவேண்டும் என்பது கடைசி நாலு வரியில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் ‘தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு’ என்று! எது தகுந்தது என்று நீயே சொல்லாவிட்டால், அதிகாரியும் அதே வார்த்தையைப் பச்சை மையில் எழுதிக் கீழே அனுப்புவார். ராணிப்பேட்டை கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை நீ கொடுக்கும் மனு சுற்றிச் சுற்றி உங்கள் கலவை தாலுகா ஆபீசுக்கே வரும், இத்தனை நாள் பார்த்தும் பாராமல் இருந்தவரின் மேசைக்கு.

நம் பக்கத்து வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். பாலாற்றில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. தண்ணீர் கெட்டது என்பது ஆம்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டெல்லியில் இருக்கிற நீதிபதிக்கு எப்படித் தெரியும்? தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கு அங்கே பேசியது: ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. உன் மனுவில் ‘நாற்றம் தாங்கவில்லை’ என்பது ஆறு இடத்தில் வருகிறது. வாரத்துக்கு எத்தனை லோடு, எந்தெந்தக் கிழமை, கரையிலிருந்து கிணறு எத்தனை அடி என்பது ஒரு இடத்திலும் இல்லை. குரோம் போட்டுப் பதனிட்ட தோலை எரித்தால் அதிலுள்ள குரோமியம், புற்றுநோய் தரக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். அந்த ஒரு வரி ஆறு நாற்றத்துக்குச் சமம்.

1996 ஆகஸ்ட் 28இல் வந்த தீர்ப்பை வக்கீல் யாரிடமாவது வாங்கிப் படி, சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் அதன் கட்டமைப்புக்காக. தோல் ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி வருகிறது, ஆயிரக்கணக்கானோர் பிழைக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்கிறது. அதற்காக மண்ணையும் தண்ணீரையும் கெடுக்க உரிமை கிடையாது என்று அடுத்துச் சொல்கிறது. கழிவுநீருக்கு விதித்த தர அளவு கடுமை என்று ஆலைக்காரர்கள் முறையிட்டபோது, நாக்பூர் ‘நீரி’ சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தை விட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தது நீதிமன்றம். பிறகு யார் என்ன செய்ய வேண்டும் என்று வந்துவிடுகிறது: ஆலைக்கு ஆலை 10,000 ரூபாய் அபராதம், இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம், சுத்திகரிப்பு நிலையத்துக்கு நவம்பர் 30 கெடு. கெடு இல்லாத கோரிக்கையை யாரும் மதிப்பதில்லை, கடன் கொடுத்தவர்களைக் கேட்டுப் பார்.

ஆனால் அதற்குப் பின்னால் நடந்ததைத்தான் நீ முக்கியமாகக் கவனிக்கவேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. தண்ணீரைச் சுத்தம் செய்தால் சகதி மிஞ்சும். அது எங்கே போகும்? 2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் அப்படியொரு சகதித் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நிலம் கெட்டவர்களுக்கான நஷ்ட ஈட்டின் கதை வேறு. 2001இல் ஆணையம் 29,193 பேருக்கு 547 ஆலைகள் 26.82 கோடி ரூபாய் தரவேண்டும் என்றது. அந்த நஷ்ட ஈட்டையும் பாலாற்றையும் பற்றி 2025 ஜனவரி 30இலும் உச்ச நீதிமன்றம் உத்தரவு போடவேண்டியிருந்தது. தீர்வு சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. தீர்வுக்குப் பிறகு மிஞ்சுவதை யார் சுமப்பது என்பதுதான் கடைசிவரை முடிவாகவில்லை.

அதனால் உன் கடைசி நாலு வரியை இரண்டு பக்கமாக்கு. ‘கொட்டாதே’ என்றால் வேறு ஏரிக்கரைக்குப் போகும், அவ்வளவுதான். பர்ஸ், கீ செயின் செய்கிறவர்கள் எடுக்கும் அளவுத் துண்டு எவ்வளவு, தோலை அரைத்து லெதர் போர்டு அட்டை செய்கிறவர்கள் எடுப்பது எவ்வளவு, இரண்டுக்கும் ஆகாதது எவ்வளவு என்று தனித்தனியாக எழுது. ஆகாததைக் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்புவதானால் வண்டிச் செலவு யாருடையது என்று எழுது. கம்பெனி கொடுக்கட்டும் என்றால், அது ஏன் கொடுக்கும் என்பதையும் சேர். வெளிநாட்டு பிராண்டுக்குத் தைக்கிற கம்பெனிக்குக் கலெக்டரைவிட ஆடிட்டுக்குப் பயம் அதிகம். அந்த நிர்வாகத்துக்குத் தனியாக ஒரு கடிதம் போகட்டும், திட்டாமல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு மனு. மூன்றையும் ஒரே வாசகத்தில் அடிக்காதே. மூவர் கையிலும் இருக்கிற அதிகாரம் வேறு வேறு.

இன்னொன்று. லோடு அடிக்கிற டாட்டா ஏஸ்காரரும் உங்கள் ஊர்க்காரர்தானே? நடைக்கு இவ்வளவு என்று வாங்கித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. மனுவில் அவர் வில்லன். இனி அதே துண்டுகளை லெதர் போர்டுக்காரர்களிடம் கொண்டுபோகும் வாடகை அவருக்கே கிடைக்கும்படி எழுதிப் பார்; கையெழுத்து கேட்டு முதலில் அவர் வீட்டுக்குப் போ. திங்கட்கிழமை மனு கொடுத்ததும் ரசீது எண்ணை வாங்காமல் வராதே.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் மாமா