நெடுந்தூர டிரையத்லன்: துவிச்சக்கர வண்டியோட்டத்தில் முந்திச் செல்லல்

மாணவர்களே, 1978 இல் ஹவாயில் ஆரம்பமான அயன்மேன் போட்டியில் 3.8 கி.மீ. நீச்சலுக்கும் 42.2 கி.மீ. ஓட்டத்துக்கும் இடையே 180 கி.மீ. துவிச்சக்கர வண்டியோட்டம் உண்டு. முன்னால் செல்பவரை ஒட்டிச் சென்றால் காற்றுத்தடை குறையும், சக்தி மிஞ்சும். தனித்துப் பொருதவேண்டிய போட்டியில் இது இரவல் பலமே. முன்னவர் திடீரெனப் பிரேக் பிடித்தால் மோதலும் நேரும். எனவே வயதுப் பிரிவு வீரர்கள் 12 மீற்றர் இடைவெளி பேணவேண்டும்.

இங்கேதான் பலர் குழம்புவர். இத்தூரம் முன்னவரின் பின்சில்லிலிருந்து அன்று, அவரது முன்சில்லின் முனையிலிருந்து பின்னவரின் முன்சில்லின் முனைவரை அளக்கப்படும். அதனுள் நுழைந்தவர் 25 செக்கன்களுள் முந்தியே ஆகவேண்டும். இடையில் பின்வாங்கக் கூடாது.

சரி, முந்தப்பட்டவர் என்ன செய்வது? மற்றவரின் முன்சில் தனது முன்சில்லைத் தாண்டியதும் பொறுப்பு அவருக்கு மாறிவிடும். தானாக நெருங்காதவராயினும் அவரே பின்தங்கி 12 மீற்றருக்கு அப்பால் விலகவேண்டும்; அதன் பின்னரே மீண்டும் முந்தலாம். கொஞ்சம் அநியாயமாகத்தான் தோன்றும்! ஒட்டிச் செல்பவருக்கு நீல அட்டை காட்டப்படும். முழுத்தூரப் போட்டியில் 5 நிமிடத் தரிப்பு.

கவனிக்க: ஹவாயில் வலப்புறமாகச் செலுத்தி இடப்புறத்தால் முந்துவர். நமது வீதியில் இது மறுதலை.

தலைக்கவசப் பட்டியை, வண்டியைத் தாங்கியிலிருந்து எடுக்குமுன் பூட்டவேண்டும். திரும்ப வைத்த பின்பே கழற்றலாம்.