எழவு வீட்டுக்கு என்ன உடுத்துவது?

எடப்பாடிப் பக்கம் எழவுக்குப் போகும் ஆண்களுக்கு வெள்ளை வேட்டி, சட்டை, தோளில் ஒரு துண்டு போதும். கட்சிக்கரை வேட்டியே அன்றாட உடுப்பாகிவிட்டவர்கள் அன்று மட்டும் சாதாக்கரை கட்டலாம். அங்கே யார் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கப்போவதில்லை.

பெண்களுக்கு வெளிர்நிற நூல் சேலை. இளம்பிள்ளையில் எடுத்த ஜரிகைச் சேலை கல்யாணத்துக்கு இருக்கட்டும். தலையில் பூ வேண்டாம், நகையும் குறைவாக. கறுப்புதான் உடுத்த வேண்டும் என்பது மேல்நாட்டு வழக்கம். நமக்கு அது கட்டாயமில்லை.

பந்தலில் தரையில் உட்கார வேண்டிவரும். இறுக்கமான ஜீன்ஸும் குட்டை டாப்ஸும் அப்போது தொல்லை. வீடு திரும்பியதும் தலைக்குக் குளித்து, உடுத்தியதை நனைத்துப் போடுவது வழக்கம் என்பதால் சாயம் போகாத துணியே தோது. அஸ்தி கரைக்கப் பவானி கூடுதுறைக்குப் போகும் நெருங்கிய சொந்தங்கள் மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். கோடித்துணி கொண்டுபோகும் முறை இருந்தால், என்ன எடுப்பதென்று பெரியவர்களைக் கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வீடு மாறும்.

தறிப்பட்டறையில் இருக்கும்போது சேதி வந்தால் அதே உடுப்போடு கிளம்புங்கள். துணி மாற்றப் போய், எடுக்கும் நேரத்தைத் தவறவிடாதீர்கள்.