வைஃபை ஏழும் எங்கள் வீட்டுக் கல்சுவரும்



பழைய போன் செத்துப்போனதும் அப்பா என்னைக் கம்பத்தில் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். "இதுல வைஃபை 7 இருக்கு, வீட்டுல நெட் பறக்கும்" என்று கடைக்காரர் ஒரு போனை நீட்டினார். பக்கத்தில் இருந்ததைவிடப் பன்னிரண்டாயிரம் ரூபாய் அதிகம். திராட்சைத் தோட்டத்தில் அப்பாவுக்கு அது ஏறக்குறைய ஒரு மாதக் கூலி.

"ஏப்பா, நம்ம வீட்ல நீதான் படிக்கிற. நீயே சொல்லு" என்றார் அப்பா.

எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்கு வாங்கலாம்ப்பா" என்று சமாளித்து, காமயகவுண்டன்பட்டி பஸ் ஏறிவிட்டேன். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் சொல்கிற பதிலா அது? அன்றிரவு உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வைஃபை 7 என்பது 802.11பிஇ என்னும் தரம். வைஃபை அலையன்ஸ் இதற்குச் சான்றளிக்கத் தொடங்கியது 2024 ஜனவரியில். வைஃபை 6-இல் சேனல் அகலம் அதிகபட்சம் 160 மெகாஹெர்ட்ஸ், இதில் 320. ஒரு குறியீட்டில் 10 பிட்டுக்குப் பதில் 12 பிட் போகும். இரண்டு அலைவரிசைகளில் ஒரே சமயத்தில் இணைப்பு வைத்துக்கொள்ளவும் முடியும்.

ஆனால் 320 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 6 கிகாஹெர்ட்ஸ் பட்டை வேண்டும். அமெரிக்கா 2020-இலேயே அதில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் 2026 ஜனவரியில்தான் 5925 முதல் 6425 வரை, அதாவது 500 மெகாஹெர்ட்ஸ், உரிமம் இல்லாமல் பயன்படுத்த விதி வந்தது. அதுவும் குறைந்த சக்தியில் மட்டும். இந்த 500-க்குள் 320 அகலச் சேனல் எத்தனை அடங்கும்? ஒன்றே ஒன்று!

இனி நம் பாடக் கணக்குக்கு வருவோம். தூரமும் ஆன்டெனா கெயினும் மாறாமல், அலைவெண் 2.4-லிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் ஆனால் இழப்பு எவ்வளவு கூடும்? 20 லாக் (6/2.4), சுமார் 8 டெசிபெல். வந்து சேரும் சக்தி ஆறில் ஒரு பங்கு! இது வெட்டவெளிக் கணக்கு. சுவர் வந்தால் இன்னும் மோசம்.

எங்கள் வீட்டில் தனி இணைப்பு கிடையாது. அடுத்த வீட்டுச் சித்தப்பாவின் ரவுட்டர்தான், நடுவில் ஒன்றரை அடிக் கல்சுவர். அந்த ரவுட்டரில் 2.4-உம் 5-உம் மட்டுமே உண்டு. வைஃபை 7 இல்லை. அவர் கட்டும் பிளானோ 50 எம்பிபிஎஸ். மதகில் வருகிற தண்ணீர் அவ்வளவுதான் என்றால், வாய்க்காலை அகலமாக வெட்டி என்ன பயன்?

வைஃபை 7 வீண் என்று சொல்லவில்லை. ஐம்பது பேர் ஒரே ஹாலில் உட்கார்ந்து நெட் பார்க்கும் ஹாஸ்டலில், ரவுட்டரும் புதிதாக இருந்தால், அது நிச்சயம் உதவும். எங்கள் வீட்டுக்கு உதவாது.

மறுநாள் காலையில் அப்பாவிடம் கணக்கைச் சொன்னேன். லாக் எல்லாம் சொல்லவில்லை, சுவரையும் மதகையும் சொன்னேன். "அப்போ சுவரை இடிச்சிரலாமா?" என்று சிரித்தார். விலை குறைந்த போனையே வாங்கினோம். சாயங்காலம் சித்தப்பாவிடம் கேட்டு, அலமாரிக்குப் பின்னால் கிடந்த ரவுட்டரை எங்கள் பக்க ஜன்னலில் தூக்கி வைத்தேன். மைனஸ் 78 டிபிஎம் காட்டிய இடத்தில் மைனஸ் 66 காட்டியது.